பாண் ஓட்டோவில் அவன் பூட்டிய செட்

அவன் செட் செய்வான். நான் பெட்டி அடிப்பேன். எங்கள் சிநேகிதம் அப்படித்தான் தொடங்கியது. கடைசி வரைக்கும் அப்படியேதான் இருந்தது.

நான் ஓடாவி. கல்முனையில் கதவு, ஜன்னல், கட்டில், அலுமாரி செய்து சீவியம் போகிறது. அவன் ஒரு ஹாட்வெயார் கடையில் வேலை பார்த்தான். பகலில் ஆணி நிறுப்பான், பெயின்ட் கலக்குவான். பின்னேரம் வீட்டுக்கு வந்ததும் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, பழுதான ரேடியோ, டீவி, சத்தம் கூட்டுகிற அம்ப் எல்லாவற்றையும் பரப்பிவைத்துக் குந்திவிடுவான். யாரிடமும் படித்ததில்லை. கழற்றிப் பார்த்துப் பழகினான். சில சாமான் பிழைத்தது. சில சாமான் செத்தது.

அது அவன் பெண்சாதியின் வீடு. எங்கள் பக்கம் கல்யாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போவான். மாமி அவனுக்கு ஒதுக்கிக் கொடுத்தது குசினிக்குப் பின்னால் இருந்த சின்ன அறை. முதலில் ஒரு மேசை போட்டான். பிறகு அறை முழுக்கப் பிடித்தான். பிறகு சாமான்கள் விறாந்தைக்கு வந்தன.

"மருமகன் கேட்டன். பழைய இரும்புக் கடை வந்து சேந்திருக்கு" என்று மாமி என்னிடம் சொல்வார்.

"மாமி, இரும்பெண்டா நிறுத்தாவது விக்கலாம். இத அதுக்கும் ஏலாது" என்று அவன் உள்ளேயிருந்து சத்தம் போடுவான்.

முதல் நாள் அவன் என் பட்டறைக்கு வந்தது நினைவிருக்கிறது. ஒரு ஸ்பீக்கரைச் சாரத்தில் சுற்றிப் பிள்ளையைத் தூக்குவதுபோலத் தூக்கிக்கொண்டு வந்தான்.

"இதுக்கு ஒரு ஊடு கட்டணும் மச்சான்."

"நான் ஊடு கட்டுறல்ல. கதவுதான் செய்ற."

"கதவு வேணாம். கதவு இருந்தாத்தான் பிரச்சின. காத்து வெளிய போகக்கூடா."

நான் அடித்துக் கொடுத்தேன். அவன் ஸ்பீக்கரைப் பூட்டி, சத்தத்தைக் கூட்டி, ஒரு ஊதுபத்தியைக் கொளுத்திப் பெட்டியின் மூட்டு மூட்டாகப் பிடித்தான். ஒரு மூலையில் புகை ஆடியது.

"பாரு. இதால போகுது."

எனக்குக் கோபம் வந்தது. நான் செய்த அலுமாரியில் யாரும் ஊதுபத்தி பிடித்துப் பார்த்ததில்லை. கழற்றி, மரத்தூளும் பசையும் குழைத்து அடைத்து, திரும்பப் பூட்டினேன். புகை நேராகப் போனது. அவன் கடைக்குக் கூட்டிப்போய் பிளேன்டீ வாங்கித் தந்தான்.

அதற்குப் பிறகு அவன் செய்த எல்லாவற்றுக்கும் பெட்டி நான்தான். கல்யாண வீட்டுக்கு வாடகைக்குப் போகிற பெரிய பெட்டி, ஓட்டோவின் பின்சீட்டுக்குக் கீழே வைக்கிற சப்பைப் பெட்டி, தெருத்தெருவாகப் பாண் ரொட்டி விற்கிற ஓட்டோவின் கூரைக்கு ஒரு பெட்டி, மாலைதீவுக்குப் போகிற ஒருவர் கொண்டுபோன சின்னப் பெட்டி. எல்லாம் என் கை பட்டது. யாருக்கு எது போனது என்று அவனே மறந்துவிடுவான். நான் மறக்க மாட்டேன். மரம் அறுத்தவனுக்குத் தெரியும்.

மைக் சரியா என்று பார்க்க வேண்டுமென்றால் என்னைக் கூப்பிட்டு முன்னால் நிறுத்துவான்.

"கதை."

"என்னத்தக் கதைக்கிற?"

"என்னத்தயாவது கதைடா."

எனக்கு ஒன்றும் வராது. "தேக்கு. முதிரை. பாலை. வேம்பு" என்பேன். அவன் திருகிக்கொண்டே, "இன்னும்" என்பான். "பலா. மகோகனி." மாமி குசினியில் இருந்து சிரிப்பார். "இவன் மைக்கில மரம் ஏலம் போடுறான்."

அவன் பாட்டு ஒன்றை முழுசாகக் கேட்டதை நான் பார்த்ததில்லை. ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பப் போடுவான். மேளம் அடிக்கிற ஒரு துண்டு, இல்லாவிட்டால் ஒரு பொம்பிளை மூச்செடுக்கிற இடம். அந்த மூச்சுக் கேட்கிறதா என்று பார்ப்பான். கேட்டால் நிப்பாட்டிவிடுவான். என்ன பாட்டு என்று கேட்டால் தெரியாது என்பான். மெய்யாகவே தெரியாது.

எங்கள் பள்ளிவாசலின் மைக் செட்டும் அவன் பொறுப்புத்தான். யாரும் பொறுப்புக் கொடுக்கவில்லை, அவனே எடுத்துக்கொண்டான். மேற்கே இருந்து கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் தொழுகைக்குக் கூப்பிடுகிற பாங்குச் சத்தம் கடலுக்குப் போய்விடும், உள்ளூருக்குக் கேட்காது. அவன் சுள்ளென்று வெயில் எரிக்கிற நேரத்தில் கூரையில் ஏறி ஹோன் ஸ்பீக்கரைத் திருப்பி வைப்பான். பிறகு பாங்கு சொல்கிற நேரம் சைக்கிளில் வயல் கரை வரைக்கும் போய் நின்று கேட்பான். சரி வந்திருந்தால் அங்கேயே தொழுதுவிட்டு வருவான்.

அவன் மௌத்தானது ஒரு காலை நேரம். கடையில் பெயின்ட் வாளியைத் தூக்கினவன் வைத்துவிட்டு, படியில் இருந்தான். எழும்பவில்லை. ஆசுபத்திரிக்குக் கொண்டுபோக ஓட்டோ பிடித்தார்கள். போகிற வழியிலேயே முடிந்துவிட்டது.

பள்ளி ஹோனில் ஜனாஸா அறிவித்தார்கள். அவன் பேர் இரண்டு தரம் வந்தது. இரண்டாம் தரம் மைக் கூவியது. பக்கத்தில் நின்ற ஒருவர், "இதச் சரி பண்ண அவன்தான் வரணும்" என்று சொல்லிவிட்டுப் பிறகு வாயைப் பொத்திக்கொண்டார்.

கபுறுக் குழிக்குள் வைக்கிற பலகை நான்தான் அறுத்தேன். கை பழகிய பழக்கம், ஓரமெல்லாம் சீவி, ஒன்றோடு ஒன்று இடைவெளி இல்லாமல் பொருந்துகிற மாதிரிச் செய்துவிட்டேன். கபுறு வெட்டுகிறவர் பலகையைக் கையில் எடுத்துப் பார்த்தார்.

"ஓடாவி, இது அலுமாரி இல்ல."

"தெரியும்" என்றேன்.

அவனை வைத்து மூடினோம்.

அவன் போய்க் கொஞ்ச நாளில் பள்ளியில் மஃரிபுத் தொழுகைக்குப் பிறகு விசேஷ பயான் பிரசங்கம் ஒன்று நடந்தது. எங்கள் மௌலவி இளம் ஆள், நல்ல ஆள், நன்றாகப் பேசுவார். அன்றைக்கு வெளி ஹோனும் போட்டிருந்தார்கள், பெண்கள் வீட்டில் இருந்து கேட்கட்டும் என்று. ஒரு மனிசன் நல்லதை விட்டுப் போனால் அதன் நன்மை கபுறுக்குப் போய்க்கொண்டே இருக்கும் என்று சொன்னார். கெட்டதை விட்டுப் போனால் பாவமும் அப்படியே என்று சொன்னார். பாட்டுக் கேட்கிற சாமானை ஊருக்குள் விட்டுப் போனவன், அதில் ஒவ்வொரு தரம் பாட்டுப் படிக்கிற நேரமும் அங்கே பதில் சொல்ல வேண்டும் என்றார். நான் தூணில் சாய்ந்துகொண்டு கேட்டேன். என் கையைப் பார்த்தேன். எழும்பி வந்துவிட்டேன்.

அடுத்த நாள் மாமி ஆள் அனுப்பினார். போனேன்.

அவன் பெண்சாதி இத்தாவில் இருந்தார். இத்தாக் காலம் முடியும் வரைக்கும் வெளி ஆண்களுக்கு முன்னால் வரக்கூடாது, வீட்டை விட்டும் போகக்கூடாது. அறை வாசலில் வெள்ளைச் சீலை தொங்கியது. மாமி வெளியே கதிரையில் இருந்தார். நான் விறாந்தையில் நின்றேன். சீலைக்குப் பின்னால் இருந்து குரல் வந்தது. என்னை அண்ணன் முறையில் காக்கா என்றுதான் கூப்பிடுவார்.

"காக்கா, வந்திருக்கீங்களா?"

"ஓம் தங்கச்சி."

"பயான் கேட்டீங்களா?"

"கேட்டன்."

"போய்க்கிட்டே இருக்குமாமே."

நான் விறாந்தைத் தூணைப் பிடித்துக்கொண்டேன்.

"பாண் ஓட்டோ காலையில வருது. பின்னேரமும் வருது. அதுல பாட்டுச் செட் அவர் பூட்டினது. இந்த ஊட்டுலதான் செஞ்சாரு. கறண்ட் போன நேரம் நான்தான் டோர்ச் புடிச்சன். இப்ப அது ரோட்டுல வாற நேரமெல்லாம் அங்க அவருக்கு என்ன நடக்குதோ எண்டு எனக்கு நெஞ்சு பதறுது. காத அடைச்சாலும் கேக்குது. அவர் செஞ்ச சாமான், நல்லாத்தான் கேக்கும்."

மாமி என் பக்கம் திரும்பி மெதுவாகச் சொன்னார். "சாப்பிடுறாவே இல்ல மகன். அந்த ஓட்டோ வந்தா மூலையில போய்க் குந்திடுறா."

"நான் வெளிய இறங்க ஏலாது காக்கா. இறங்க ஏலுமெண்டா நானே ஒவ்வொரு ஊடாப் போய்க் கேப்பன். எது எங்க இருக்கெண்டு உங்களுக்குத் தெரியும். எல்லாத்தையும் வாங்கிட்டு வாங்க. உடைச்சிருவம். முதல்ல அந்தப் பாண் ஓட்டோ."

"பாக்கிறன்" என்றேன்.

நான் திரும்பும்போது பின்னால் இருந்து கேட்டார். "உங்களுக்குப் பயமில்லையா காக்கா? பெட்டி நீங்கதானே அடிச்ச."

"பயம்தான்" என்றேன்.

பாண்காரனை ஊரில் எல்லோருக்கும் தெரியும். பெரிய வயிறு, பெரிய வாய். ஓட்டோவின் பின்பக்கம் கண்ணாடிப் பெட்டி. அதில் பாண், பணிஸ், சீனி தூவின உருண்டை. கூரையில் என் கூட்டாளி பூட்டிய ஸ்பீக்கர். நாடு முழுக்கப் பாண் விற்கிறவர்கள் போடுகிற அதே பாட்டுத்தான். ஆனால் இவனுடையது வளைவில் திரும்ப முதலே கேட்கும், காதைக் குத்தாது. பிள்ளைகள் சத்தத்தைக் கேட்டு, காசை வாங்கிக்கொண்டு, செருப்பும் போட்டுக்கொண்டு வர நேரம் இருக்கும்.

விசயத்தைச் சொன்னேன். அவன் என்னை மேலும் கீழும் பார்த்தான்.

"ஓடாவியார், மௌத்தானவன் குடுத்த சாமான மௌத்தானவனே வந்து கேக்கமாட்டான். நீங்க வந்திருக்கீங்க."

"நான் கேக்கல்ல."

"அப்ப யாரு? பாண் ஹறாமா இப்ப? பணிஸ் ஹறாமா?"

"பாண் இல்ல. பாட்டு."

"இது பாட்டா? இதுல ஒரு சொல்லு இருக்கா? டிங்கு டிங்கெண்டு போகுது. இதக் கேட்டு எவனாவது ஆடினானா? பாண்தான் வாங்கினான்."

"எனக்குத் தெரியா. அவன்ட பொஞ்சாதிக்கு இது கேக்கக் கேக்க ஏலாம இருக்கு."

அவன் கண்ணாடிக் கதவைத் துடைத்தான். துடைத்த இடத்தையே திரும்பத் துடைத்தான்.

"அந்தப் புள்ளையா கேட்டா?"

"ஓம்."

"அப்ப கழட்டுங்க" என்றான். "ஆனா ஒண்டு ஓடாவியார். இதப் பூட்டின அண்டைக்கு அவர் என்ட ஓட்டோவில ஏறி ஊரெல்லாம் சுத்தினாரு. ஒவ்வொரு முடக்கிலும் இறங்கி ஓடிப்போய் நிண்டு கேட்டாரு. பாவம் செய்யப் போற ஆள் அப்படி ஓடுவானா?"

ஸ்பீக்கரைக் கழற்றி, வயரை வெட்டாமல் சுருட்டி, சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்தேன். பட்டறையில் பலகைக்கு மேல் வைத்து ஒரு சாக்கால் மூடினேன். உடைக்கவில்லை. சுத்தியல் பக்கத்தில்தான் இருந்தது.

அடுத்ததாகப் பாண்டிருப்புக்குப் போனேன். அங்கே ஒரு தமிழ் ஆள், சைவக்காரர், செட் வாடகைக்குக் கொடுக்கிறவர். கோயில் திருவிழா, கல்யாணம், செத்த வீடு, எல்லாவற்றுக்கும் போவார். அவரிடம் இருந்த பெரிய அம்பும் நாலு பெட்டியும் எங்கள் வேலை. என்னைக் கண்டதும் அவருக்குக் கண் கலங்கியது. சாவுக்கு வந்தவர்தான் அவரும்.

நான் சொல்லி முடிக்கிற வரைக்கும் கேட்டார். பிறகு உள்ளே கூட்டிப்போனார். அம்ப் ஒரு மேசையில் இருந்தது. முன்பக்கம் விபூதி மூன்று வரி, நடுவில் ஒரு குங்குமப் பொட்டு.

"ஆயுத பூசைக்கு வெச்சது. உங்கட கூட்டாளி பாத்திட்டுச் சிரிச்சவர். 'என்ட புள்ளைக்குப் பொட்டு வெச்சிட்டீங்களே அண்ணே' எண்டு கேட்டவர். அழிக்கச் சொல்லல்ல. நான் இத உடைக்கத் தரமாட்டன் தம்பி. நீங்க உங்கட வழியில பாருங்க. நான் இதக் கும்பிட்டுட்டுத்தான் சுவிச்சைப் போடுறன்."

தேத்தண்ணி தந்தார். குடித்துவிட்டு வந்தேன்.

சீலைக்கு முன்னால் போய் நின்று சொன்னேன். "பாண் ஓட்டோவில கழட்டிட்டன். பாண்டிருப்பு ஆள் தரமாட்டாராம்."

"ஏனாம்?"

"விருப்பமாம்."

பொட்டு வைத்ததைச் சொல்லவில்லை. சொன்னால் அந்தப் பிள்ளை அன்றைக்கும் சாப்பிட்டிருக்காது.

"மத்தது?"

"மத்தது நிறைய தங்கச்சி. எல்லாம் வராது."

மாமி புடவைத் தலைப்பால் மூக்கைத் துடைத்தார். நான் செருப்பைப் போட்டேன்.

எனக்கு வேறு வழி தெரியவில்லை. மௌலவியைத் தேடிப் பள்ளிக்குப் போனேன். அவர் ஹவுளடித் தண்ணீர்ப் பைப்பில் தொழுகைக்காக முகம் கழுவி ஒளுச் செய்துகொண்டிருந்தார். முகத்தில் தண்ணீரோடு என்னைப் பார்த்தார்.

"நீங்க அண்டைக்குச் சொன்னது அவனுக்கா?" என்று கேட்டேன்.

"எவருக்கு?"

சொன்னேன். அவர் தண்ணீர்ப் பைப்பை மூட மறந்துவிட்டார். நான்தான் மூடினேன்.

"அல்லாஹ்வே. நான் அவர நினைக்கவே இல்ல காக்கா. பொதுவாச் சொன்னன். இந்த மைக்கே அவர் செஞ்சதுதானே. இதுல நிண்டுக்கிட்டா அவர நான் சொல்லுவன்?"

"அவ இதுக்குள்ளாலதான் கேட்டா" என்றேன்.

அவர் அன்று பின்னேரமே வந்தார். அதற்காக எனக்கு அவரில் மரியாதை இருக்கிறது. விறாந்தையில் மாமி போட்ட கதிரையில் இருக்கவில்லை, நின்றுகொண்டே சீலையைப் பார்க்காமல் தரையைப் பார்த்துப் பேசினார். எண்ணத்தைப் பொறுத்துத்தான் எதுவும் என்றார். அவர் வருசக் கணக்காகப் பள்ளிக்குச் செய்தது இருக்கிறது என்றார். மறுமைக் கணக்கு அல்லாஹ்விடம், எங்களிடம் இல்லை, நீங்கள் துஆச் செய்யுங்கள், சாப்பிடுங்கள் என்றார். நல்ல மாதிரித்தான் சொன்னார்.

உள்ளே இருந்து குரல் வந்தது. சண்டைக் குரல் இல்லை. களைத்த குரல்.

"மௌலவி, அண்டைக்கு நீங்க மைக்கில சொன்னீங்க. ஊரெல்லாம் கேட்டுச்சு. இண்டைக்கு வாசலுக்கு வந்து மெதுவாச் சொல்றீங்க. இது எனக்கும் உம்மாவுக்கும் இந்தக் காக்காவுக்கும்தான் கேக்குது. கடையில, கிணத்தடியில, எங்கட மனிசன்ட கபுறப் பத்தி ஆக்கள் கதைக்கிறாங்க. அவங்களுக்கு யார் சொல்ற?"

மௌலவி தொப்பியைக் கழற்றித் திரும்பப் போட்டார்.

"நான் ஜும்ஆவில சொல்றன்" என்றார்.

சொன்னார். அந்த வெள்ளிக்கிழமைத் தொழுகையின் குத்பாப் பிரசங்கத்தில் சொன்னார். பேர் சொல்லாமல், ஆனால் யாரைப் பற்றி என்று எல்லோருக்கும் விளங்குகிற மாதிரிச் சொன்னார். பாங்குச் சத்தத்தை ஊருக்குக் கேட்க வைத்த கை என்றார். சிலர் திரும்பி என்னைப் பார்த்தார்கள்.

வெளியே வந்து செருப்பைத் தேடும்போதுதான் நினைவு வந்தது. ஜும்ஆவுக்கு வெளி ஹோன் போடுவதில்லை. பாங்கோடு நிப்பாட்டிவிடுவார்கள். குத்பா பள்ளிக்கு உள்ளே மட்டும்தான். மௌலவிக்கும் அது நினைவு வரவில்லை, எனக்கும் வரவில்லை. மைக்கில் சொன்னால் ஊருக்குக் கேட்கும் என்று நினைத்துவிட்டோம். அவன் இருந்திருந்தால் சொல்லியிருப்பான். அதைப் பார்க்கிறவன் அவன்தான்.

போய்ச் சொன்னேன்.

"சொன்னாரு தங்கச்சி. நல்லாச் சொன்னாரு."

"எனக்குக் கேக்கல்லையே."

"உள்ளுக்க மட்டும்தான் போட்டது."

பொய் சொல்லியிருக்கலாம். கறண்ட் போய்விட்டது என்று சொல்லியிருக்கலாம். வரவில்லை.

"சரி காக்கா" என்றார். அவ்வளவுதான்.

இதற்கிடையில் பாண்காரன் பாடு மோசமாகிவிட்டது. செட் இல்லாமல் வாயால் கூப்பிட்டான். "பாணே! பணிஸே!" முதல் நாள் பிள்ளைகள் பின்னால் ஓடி அவனைப் போலவே கத்தினார்கள். அவனும் சிரித்தான். பிறகு தொண்டை கட்டிவிட்டது. ஆட்கள் வாசலுக்கு வரும்போது அவன் அடுத்த ரோட்டுக்குப் போயிருப்பான். பணிஸ் மிஞ்சியது. ஒருநாள் என் பட்டறைக்கு முன்னால் நிப்பாட்டி, மிஞ்சின பணிஸ் ஒரு பை தந்துவிட்டுப் போனான். ஒன்றும் கதைக்கவில்லை. கதைக்கக் குரலும் இல்லை.

அப்போதுதான் வேறொரு பாண் ஓட்டோ வந்தது. சாய்ந்தமருதுப் பக்கத்து ஆள். இங்கே சத்தமில்லை என்று தெரிந்து எங்கள் ரோட்டுகளுக்குள் இறங்கிவிட்டான். கடையில் வாங்கின ஸ்பீக்கர், தகர மூடி மாதிரி. அதே பாட்டு. நான் சீவிக்கொண்டிருந்த பலகையை வைத்துவிட்டு நின்றேன். நான் கழற்றி வைத்தது சும்மா போய்விட்டது, அந்தப் பிள்ளைக்குத் திரும்பவும் அதே வேதனை என்று நினைத்தேன். உடனே சைக்கிளை எடுத்துக்கொண்டு போனேன்.

மாமி கேற்றடியிலேயே நின்றார். "உள்ள வாங்க மகன். உங்களத்தான் கேக்கிறா."

விறாந்தைக்குப் போனேன். நான் வாய் திறக்க முதலே குரல் வந்தது.

"அந்த ஓட்டோ கேட்டீங்களா காக்கா?"

"ஓம். அது அவன்ட செட் இல்ல தங்கச்சி. நீங்க பயப்படாதீங்க. அவன்ட என்னட்டத்தான் இருக்கு."

"எனக்குத் தெரியும் அவர்ட இல்ல எண்டு. இது கீச்செண்டு கத்துது. அவர்ட அப்படிக் கத்தாது."

அவன் வேலை செய்யும்போது இவர் ஒருநாளும் பக்கத்தில் வந்து நின்று கேட்டதில்லை. சத்தத்தைக் குறைக்கச் சொல்லித்தான் குசினியில் இருந்து பேசுவார். டோர்ச் பிடிக்கிற நேரம்கூடத் தூங்கி வழிவார் என்று அவன் என்னிடம் சொல்லியிருக்கிறான்.

"காலையில வந்தது. பின்னேரமும் வந்தது. வந்து போகக்குள்ள எனக்கு அவருக்காகப் பயம் வரல்ல. வேற மாதிரி இருந்திச்சு. இனி அவர்ட சத்தம் இந்த ரோட்டுல இல்ல. அதான்."

பிறகு குரல் உடைந்துவிட்டது. மாமி எழும்பிச் சீலைக்குள் போனார். நான் விறாந்தையில் தனியாக நின்றேன். போகவும் ஏலாது, நிற்கவும் ஏலாது. சுவரில் அவன் அடித்த வயர் ஒன்று கூரைக்குப் போனது. அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கொஞ்ச நேரத்தில் உள்ளே இருந்து கேட்டார்.

"உடைச்சீங்களா?"

"இல்ல."

"நான் உடைக்கச் சொன்னன்."

"ஓம். சொன்னீங்க. உடைக்க வரல்ல."

"அந்தப் பாண்காரனுக்குக் குடுத்திருங்க. எனக்குப் பயம் போகல்ல காக்கா. மௌலவி என்ன சொன்னாலும் போகல்ல. ராவும் பகலும் அவருக்குத்தான் ஓதுறன். ஆனாலும் குடுத்திருங்க."

"நீங்க நல்லா யோசிச்சா சொல்றீங்க?"

"யோசிக்க ஏலாம இருக்கிறதாலதான் சொல்றன்."

அடுத்த நாள் வெள்ளென ஸ்பீக்கரைக் கொண்டுபோனேன். பாண்காரன் அடுப்படியில் மாவோடு நின்றான். சாக்கைத் திறந்து பார்த்தான். தொண்டைக் கட்டோடு கரகரவென்று, "அந்தப் புள்ளயா சொன்னா?" என்றான்.

"ஓம்."

"மெய்யாத்தானே? நீங்களா இரக்கப்பட்டு எடுத்துக்கிட்டு வரல்லையே?"

"நான் இரக்கப்படுற ஆளா?"

சிரித்தான். வயரை அவன் பிடிக்க, நான் திருகாணியைப் பூட்டினேன். ஓட்டோக் கூரையில் வெயில் காய்ந்த பெட்டி, ஒரு மூலை இலேசாக விரிந்திருந்தது. பசை வைத்து அடைத்தேன். காய விடச் சொன்னேன். அவனுக்குப் பொறுமையில்லை. சுவிச்சைப் போட்டுவிட்டான். எப்படியோ பாடியது.

அவன் மாமி வீட்டு ரோட்டுக்குப் போகும்போது நான் பின்னால் சைக்கிளில் போனேன். ஏன் போனேன் என்று கேட்டால் தெரியாது. அந்தப் பிள்ளைக்கு ஏதும் ஆகிவிடுமோ என்ற பயமாக இருக்கலாம். வளைவில் திரும்ப முதலே பிள்ளைகள் வாசலில் நின்றார்கள். பாண்காரன் பாண் கொடுத்து, காசு வாங்கி, ஒவ்வொரு வீடாக வந்தான். மாமி வீட்டுக்குக் கிட்ட வந்ததும் தானாகவே கை சுவிச்சை அணைத்தது. என்னைத் திரும்பிப் பார்த்தான்.

அப்போது கேற் திறந்தது. மாமி ஒரு தட்டோடு வெளியே வந்தார். அந்த வீட்டில் இருந்து பாண் வாங்க ஆள் வந்தது கூட்டாளி மௌத்தான பிறகு அன்றைக்குத்தான். பாண்காரன் பாணை எடுத்துத் தட்டில் வைத்தான்.

"எப்படி மாமி, புள்ள?" என்று கேட்டான்.

"அழுறா" என்றார் மாமி. "அழுதழுது, ஏன் நிப்பாட்டின எண்டும் கேக்கிறா. போடு."

அவன் போட்டான். மாமி தட்டோடு கேற்றடியிலேயே நின்றார். பாண்காரன் ஓட்டோவை ஸ்டார்ட் பண்ணாமல் இருந்தான். நானும் சைக்கிளில் இருந்து இறங்கி நின்றேன். அந்தப் பாட்டைப் போட்டது சரியா பிழையா என்று மூன்று பேருக்கும் தெரியாது.